அமெரிக்காவில் விவாகரத்தான முன்னாள் கணவர் இறந்துவிட்டால், அவருடைய சோஷியல் செக்யூரிட்டியில் (அரசு ஓய்வூதியத் திட்டத்தில்) எனக்கு உரிமை உண்டா? மறுமணம் செய்தால் போய்விடுமா?

உண்டு. உங்கள் திருமணம் 10 ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. அவருடைய 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்ப்பவருக்கு இதில் விலக்கு உண்டு. ஒன்பதரை ஆண்டில் விவாகரத்து ஆகிவிட்டால் உரிமை கைநழுவிவிடும். ஆகவே வழக்கு நடக்கும்போதே தீர்ப்புத் தேதியில் கண் வையுங்கள்.

மறுமணத்தைப் பொறுத்தவரை, 60 வயதுக்குப் பிறகு என்றால் எந்தப் பாதிப்பும் இல்லை. அதற்கு முன் என்றால், அந்தத் திருமணம் நீடிக்கும்வரை பொதுவாகக் கிடைக்காது.

அவருடைய இரண்டாவது மனைவியின் பங்கு குறைந்துவிடுமோ என்று தயங்கிப் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். வேண்டாத தயக்கம் இது. வயதின் அடிப்படையில் நீங்கள் பெறுவதால் அந்த மனைவிக்கு ஒரு டாலர்கூடக் குறையாது.

60 வயதில் தொடங்கினால் அவருக்குரிய தொகையில் 71.5 சதவீதம், 1962-லோ அதன் பிறகோ பிறந்தவர் 67 வரை பொறுத்தால் முழுத்தொகை. அவர் முன்கூட்டியே ஓய்வூதியம் வாங்கியிருந்தால் இது சற்றுக் குறையலாம்.

நீங்களும் வேலை பார்த்தவரா? அப்படியானால் அவருடைய கணக்கில் வருவதை முதலில் வாங்கிக்கொண்டு, உங்கள் சொந்த ஓய்வூதியத்தை 70 வயதுவரை வளரவிட்டு மாறிக்கொள்ளலாம். முழு ஓய்வு வயதைத் தாண்டி ஒத்திவைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 8 சதவீதம் கூடும். விண்ணப்பிக்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திருமணச் சான்றிதழும் விவாகரத்துத் தீர்ப்பும் கையில் இருக்கட்டும்.