மறு: லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை

வணக்கம் அண்ணா. மாப்பிள்ளைச் சம்பா பதிவுக்கு ஃபேஸ்புக்கில் லைக் குவிகிறது, அரிசி கேட்டு ஒருவரும் வரவில்லை என்கிறீர்கள். பதிவைப் பார்த்தேன். வயல் படம் அழகுதான், ஆனால் விலை, எத்தனை கிலோ பை, எந்த ஊர், எதுவும் இல்லை. ‘இன்பாக்ஸில் வாங்க’ என்றால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

இந்தச் சிவப்பரிசி வேக நேரமாகும், இரவே ஊறப்போட வேண்டும். தெரியாமல் வாங்கியவர் மறுபடி வரமாட்டார். வீட்டில் ஊறவைத்து வடிப்பதை ஒரு நிமிட வீடியோவாகப் போடுங்கள்.

அப்புறம், வாங்கியவர்களை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) சேர்த்துவிடுங்கள். ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை. உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போகும். அரிசிப் பையிலேயே எண்ணைப் பெரிதாக அச்சடித்துவிடுங்கள்.