கேபினில் ஹீட்டர், காலையில் செல்ஃப் எடுக்காத லாரி

கேள்வி: குன்னூரிலிருந்து சென்னைக்குத் தேயிலை லோடு ஓட்டுகிறேன். படுக்கை கேபின் லாரி, 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு. லோடுக்காகக் காத்திருக்கும் ராத்திரிகளில் இன்வெர்ட்டரில் கெட்டில், 1,000 வாட் ஹீட்டர் போடுவோம். விடிந்தால் செல்ஃப் எடுக்காது. ஒரே வருஷத்தில் பேட்டரி போய்விட்டது. கடைக்காரர் 180 ஏ.ஹெச். போடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அதுவும் சீக்கிரமே போய்விடும். லாரி பேட்டரி, செல்ஃப் மோட்டாருக்குச் சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது. ராத்திரி முழுக்க உறிஞ்சிப் பாதிக்குக் கீழே இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். உங்கள் ஊர்க் குளிரில் பேட்டரியின் சக்தியும் குறைகிறது, என்ஜின் ஆயிலும் கெட்டியாகிறது.

கணக்கைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து 24 வோல்ட், மொத்தம் 3,600 வாட்-ஹவர். பாதிதான் எடுக்கலாம். உங்கள் ஹீட்டர் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். கெட்டில் பத்து நிமிஷம் ஓடினால் எட்டு ஏ.ஹெச். அளவுதான், பரவாயில்லை. ஹீட்டரைக் கழற்றிவிட்டு நல்ல கம்பளி வாங்குங்கள். அதற்குப் பதிலாகக் கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ மூடிய கேபினுக்குள் ஏற்றிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பாட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் லைன் எடுத்திருக்கிறார்களா? பல லாரிகளில் எலக்ட்ரீஷியன்கள் செய்து கொடுப்பது இதுதான். அந்தப் பேட்டரி என்றைக்கும் நிறையாது, மற்றதோ அதிகமாக சார்ஜ் ஏறிக் கொதிக்கும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

முதல் செலவு லோ வோல்டேஜ் கட்-ஆஃப், அதாவது வோல்டேஜ் குறைந்ததும் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் ஏற்பாடு. பல இன்வெர்ட்டர்கள் 21 வோல்ட் வரை இறங்கவிடும், அதற்குள் பேட்டரி காலி. கட்-ஆஃபை 24.4-ல் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் வசதி வேண்டுமென்றால், கேபினுக்கென்று டீப் சைக்கிள் வகை (நிறைய இறக்கி ஏற்றினாலும் தாங்கும்), சீல் செய்த ஏஜிஎம் (ஆசிட் சிந்தாத வகை) பேட்டரி ஜோடி ஒன்றைத் தனியாக வைத்து, நடுவில் இரண்டு ஜோடியையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் போடுங்கள். கேபினில் எடுக்கும் கரண்ட் செல்ஃப் பேட்டரியைத் தொடாது. வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி மலிவாக இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் ஆசிட் சிந்தும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் உறைபனி விழும் ராத்திரியில் நிறுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

செல்ஃப் பேட்டரியை மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே மாதத் தயாரிப்பாக. பில்லில் இரண்டு சீரியல் நம்பரும் இருக்கட்டும்.