பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள், தம்பி

தம்பி, இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் சண்டர்லாந்துக்கு எம்.எஸ்சி. படிக்க வருகிறேன், மதுரையில் அமெரிக்க ப்ராசஸில், அதாவது அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான கால் சென்டர் பிரிவில், இருந்த அனுபவம் உண்டு, இங்கே பகுதிநேரமாகக் கால் சென்டர் வேலை கிடைக்கும்போல இருக்கிறது, போனில் வெள்ளைக்காரர்கள் கேவலமாகப் பேசுவார்களா, பெயரை 'சாம்' என்று வைத்துக்கொண்டால் தேவலையா, எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, குக்கர் கொண்டுவரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் குக்கருக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளிர்கால கோட்டை மட்டும் அங்கே வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அந்தச் 'சாம்' விஷயத்துக்கு வருகிறேன். அதில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது.

அந்த வேலையை இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் நான். 2003 வாக்கில் சென்னையில் ஒரு பிரிட்டிஷ் வங்கிக்கான ப்ராசஸ். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு சண்டர்லாந்து டாக்ஸ்ஃபோர்டு பார்க்கில் ஒரு கால் சென்டர். சென்னையில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது வங்கி வேலையை அல்ல, வாயைத்தான். எம்.டி.ஐ., அதாவது ஆங்கிலத்தில் தாய்மொழியின் தாக்கம் என்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். தாய்மொழி வாடை அடிக்கக் கூடாதாம். 'எம்'மை 'யெம்' என்று சொன்ன பையனை எல்லார் முன்னாலும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து அழவிட்டார் ஒரு பயிற்சியாளர். அப்புறம் ஆளுக்கொரு பெயர். எனக்குக் கிடைத்தது 'ஜேனட்'. சுவரில் ஒரு போர்டு, அதில் லண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ வானிலை. எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால் பிடிகொடுக்காமல் நழுவ ஒரு வாக்கியம். குளிர்காலத்தில் இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே மதியம் இரண்டரை. ஷிஃப்ட் முடிந்து டாடா சுமோவில் தெருமுனையில் இறங்கும்போது நடுநிசி தாண்டியிருக்கும். பெண் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசியது தனிக்கதை.

யாரும் ஏமாறவில்லை, தம்பி. ஜேனட் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் "சரிம்மா, உன் நிஜப் பெயர் என்ன?" என்று கேட்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டு கேட்பார்கள், சிலர் கடித்துத் துப்புவார்கள். அப்போது நான் எல்லாரையும் இனவெறி பிடித்தவர்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சப் பேர் அப்படித்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? முதல் வாக்கியத்தில் பெயரில் பொய், இரண்டாவதில் ஊரில் பொய், மூன்றாவது வாக்கியத்தில் "உங்கள் பிறந்த தேதி, தாயார் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் சொல்லுங்கள்". யார் சொல்வார்கள்?

அவர்கள் நம்மைப் பற்றி வைத்திருந்த எண்ணங்கள் உங்களுக்குத் தெரியும்: ஆங்கிலம் புரியாது, எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாது, எல்லாவற்றுக்கும் 'சாரி' சொல்லும், வேலை எதுவும் முடியாது. இதில் பாதி உண்மை, அந்த உண்மைக்கும் நம் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு சின்னக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. ஸ்கிரிப்டை விட்டு விலகினால் குவாலிட்டியில் மார்க் போகும். ஏ.எச்.டி., அதாவது ஒரு காலுக்கு எடுக்கும் சராசரி நேரம், ஏறினால் டீம் லீட் பின்னால் வந்து நிற்பார். எவ்வளவு திட்டினாலும் நாமாக லைனைத் துண்டிக்கக் கூடாது, துண்டித்தால் அன்றோடு வேலை காலி. கையைக் கட்டிப்போட்டது கம்பெனி, கையாலாகாதவன் என்ற பெயர் இந்தியனுக்கு.

நம் பக்கம் மட்டும் என்ன யோக்கியமா? பயிற்சியிலேயே பாடம் நடத்தினார்கள்: ஸ்காட்லாந்துக்காரன் கஞ்சன், ஆஸ்திரேலியாக்காரன் குடித்துவிட்டுத்தான் பேசுவான், அமெரிக்கனுக்குக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல், ஆங்கிலேயன் எவ்வளவு நயமாகப் பேசுகிறானோ அவ்வளவு கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். கடைசியது மட்டும் சரி. தினமும் போன் செய்து இருப்புத் தொகை கேட்கும் கிழவிகள் சிலர் உண்டு. ம்யூட்டைப் போட்டுவிட்டு, பெற்ற பிள்ளைகளே தூக்கிப்போட்ட கேஸ் என்று ஃப்ளோரே சிரிக்கும். இங்கே வந்து என் தெருவில் அப்படி ஒரு பாட்டியைப் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் மகன் வந்து சாமான் வாங்கிக் கொடுத்து, புல்லை வெட்டிவிட்டுப் போகிறான். ஆனால் பாட்டி போய்க்கொண்டிருந்த வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். கவுன்ட்டரில் கேட்டுக்கொண்டிருந்ததைப் போனில் கேட்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் வரப்போகும் ஊரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சண்டர்லாந்து கப்பல் கட்டிய ஊர். கடைசி யார்டு 1988-இல் மூடியது. வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல். அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் இப்போது கால்பந்து மைதானம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வேலைகளில் ஒன்றுதான் இந்தக் கால் சென்டர். யார்டில் வெல்டராக இருந்த ஒருவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரல்களைப் பார்த்தால் கீபோர்டுக்குப் பிறந்தவை இல்லை என்று தெரியும். அந்த வேலையும் கையைவிட்டுப் போகப் பார்த்தது. லாயிட்ஸ் டிஎஸ்பி வங்கி 2003-இல் பக்கத்து நியூகாசிலில் இருந்த தன் கால் சென்டரை மூடப்போவதாக அறிவித்தது, வேலை இந்தியாவுக்கு. நாங்கள் சென்னையில் புதுப் பேட்ச் வந்ததென்று கேக் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. "நீங்கள்தானா அது!" என்று ஒரு சக ஊழியர் முதல் வாரத்திலேயே என்னைக் கேட்டார். அப்புறம் எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவந்தார். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். தெற்கே இருக்கும் ஊர்களின் மரியாதையைவிட எனக்கு இது பிடித்துப்போனது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வெல்டருக்கு ஒருநாள் லண்டன் பக்கமிருந்து ஒரு கால். அவர் பேச்சு புரியாமல், "ஒழுங்காக ஆங்கிலம் தெரிந்த யாரிடமாவது கொடு" என்றிருக்கிறார் அந்த ஆள். இவர் என் பக்கம் நீட்டிவிட்டார். நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

2011-இல் சான்டான்டர் வங்கி இந்தியாவில் எடுத்துக்கொண்டிருந்த கால்களைத் திரும்ப இங்கேயே கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், செய்தோம் என்றது. நம்மவர்கள் அதைப் பெருமையாகப் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நியூகாசிலில் ஒரு பொங்கல் விழா. டாக்டர்கள், ஐ.டி.காரர்கள், எல்லாரும் பெரிய வீடு. "இந்தியன் கால் சென்டர் என்றால் நான் உடனே வைத்துவிடுவேன்" என்கிறார் ஒருவர், அசல் கும்பகோணத்து ஆங்கிலத்தில். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். சென்னையில் இருந்தபோது எனக்கு வந்த மிக மோசமான கால்களில் பல, இங்கே குடியேறிய இந்தியர்களிடமிருந்து வந்தவை. வெள்ளைக்காரன் திட்டிவிட்டு வைத்துவிடுவான். இவர்கள் முதலில் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று தோண்டித் துருவிவிட்டு, பிறகு திட்டுவார்கள்.

எல்லாரும் அப்படியில்லை. லண்டன் ஹாரோவிலிருந்து வயதான யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஒரு டைரக்ட் டெபிட்டை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் திணறினார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை, நீங்கள் தமிழோ? குரல் எங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு" என்றார். நான் ஜேனட். கால் பதிவாகிறது. ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்பது விதி. "சாரி சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் பேசியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிகிற வேலை, இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவர்தான் எனக்கு நன்றி சொல்லி வைத்தார். வெள்ளைக்காரர்கள் திட்டியதெல்லாம் மறந்துபோச்சு, இது போகவில்லை. சாம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது இதனால்தான். இங்கே உங்கள் சொந்தப் பெயரிலேயே பேசலாம். வாயில் நுழையவில்லை என்றால் அவர்கள் இன்னொரு முறை கேட்கட்டும், சொல்லிக்கொடுங்கள். டாக்ஸ்ஃபோர்டில் முதல் நாளிலிருந்து நான் என் பெயரில்தான் பேசினேன். கேலி செய்தவர்கள் உண்டு. பொய்ப் பெயர் என்று சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை.

உச்சரிப்புக்காகவும் கவலைப்படாதீர்கள். சரியான வேகத்தில் பேசினால் போதும், நம்மவர்கள் பிரச்சினை வேகம்தான். இப்போது பேசப் பேசவே உச்சரிப்பை மாற்றிக் கொடுக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. சனாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அந்தச் சரக்கை, பெரிய கால் சென்டர் நிறுவனமான டெலிபெர்ஃபார்மன்ஸ் தன் இந்திய ஊழியர்களுக்குப் போடுகிறது என்று 2025-இல் செய்தி வந்தது. ஒருத்தரையும் அழவைக்காமல் எம்.டி.ஐ.யை ஒழித்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்தான்.

நீங்கள் உண்மையாகவே எதிர்பார்க்க வேண்டியது கேலியை அல்ல, பயத்தை. 2016-இல் மும்பை பக்கத்தில் தானே மாவட்டம் மீரா ரோடில் போலீஸ் ரெய்டு நடந்தது ஞாபகம் இருக்கும். அமெரிக்க வரித்துறை என்று சொல்லி மிரட்டிப் பணம் பறித்த கால் சென்டர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று கூப்பிடும் கும்பல்கள் இங்கேயும் எத்தனையோ பேரின் சேமிப்பைத் துடைத்திருக்கின்றன. அதனால் நீங்கள் வாடிக்கையாளரை அழைக்க நேர்ந்தால், உங்கள் குரலைக் கேட்டதும் வைத்துவிடும் முதியவர் உங்களை அவமதிக்கவில்லை, பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடி நடக்கிறார். வற்புறுத்தாதீர்கள். "நீங்களே கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வங்கிகளுக்கு 159 என்ற எண்ணும் உண்டு, அதில் கூப்பிட்டால் அவரவர் வங்கிக்கே இணைப்பார்கள். அதைச் சொன்னதும் குரல் இறங்கிவிடும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அசிங்கமாகத் திட்டினால்? இங்கே பல இடங்களில் எச்சரித்துவிட்டு நீங்களே லைனை வைக்கலாம். பயிற்சியின் முதல் நாளிலேயே அந்த விதியைக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் விடுவது நம் பிள்ளைகளின் வழக்கம்.

கடைசியாக, மாணவர் விசாவில் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. ஷிஃப்ட் மேனேஜர் சிரித்துக்கொண்டே கூடுதல் நேரம் கேட்பார், அவர் விசாவா போகப்போகிறது? ஆப்பில் சாப்பாடு டெலிவரி செய்தால் நல்ல காசு என்று உங்கள் சீனியர்கள் யாராவது சொல்வார்கள். அது சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் கூடவே கூடாது. அடுத்தவர் அக்கவுண்ட்டில் ஓட்டலாம் என்று சொல்கிறவர்களிடம் வீடும் எடுக்காதீர்கள்.