சக்கர நாற்காலியில் விமானப் பயணம் செய்பவர்களுக்கு ஒரு செயலி வடிவமைக்கிறேன். அதில் முதலில் என்ன இருக்க வேண்டும்?

கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் விமான நிலைய வரைபடத்தில்தான் ஆரம்பித்திருப்பீர்கள். அதை ஓரமாக வையுங்கள். லிஃப்ட் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். எங்கள் தலைவலியே நாற்காலிதான்.

என்னுடையது மடக்குகிற மின்சார நாற்காலி. டிக்கெட் போடும்போதே பேட்டரி விவரம் கொடுத்தாயிற்று, போனிலும் ஒருமுறை சொன்னேன். கவுன்டரில் மறுபடி முதலிலிருந்து. "எத்தனை வாட்-அவர்?" பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற கணக்கு அது. ஸ்டிக்கரில் இருந்ததோ 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 240. கழற்றிக் கேபினுக்குள் எடுத்துப்போகும் பேட்டரி ஒன்றே ஒன்று என்றால் 300 வரை போகலாம், இரண்டு என்றால் தலா 160. சொன்னேன், நம்பவில்லை. மேலதிகாரி வந்தார், அவர் இன்னொருவருக்குப் போன் போட்டார். இத்தனை பேச்சும் என் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான். "இவர் நடப்பாரா?" என்று அவனிடம் கேட்கிறார்கள். எனக்குக் கால்தான் வராது, வாய் நன்றாகவே வரும்.

இறங்கும்போது வழக்கம்போலக் கடைசி ஆள் நான். நடைபாதைக்கென்று இருக்கும் ஒல்லி நாற்காலியில் வைத்து வாசல் வரை கொண்டுவந்தார்கள். என் நாற்காலியும் வந்தது, அதை ஓட்டும் ஜாய்ஸ்டிக் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் திருப்பினால் மோட்டார் விடுபட்டு ஒரு விரலால் தள்ளலாம். அது தெரியாமல் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தே இழுத்திருப்பார்கள்.

சுமை ஏற்றுபவர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த அவசரத்தில் அவர்கள் கையில் ஒரு படம்கூடக் கிடையாது, பாவம்.

ஆகவே நாற்காலிக்கு ஒரு அட்டை செய்யுங்கள். எடை, மடக்கிய அளவு, வாட்-அவரைத் தானே கணக்குப் போட்டுக் காட்டுவது, லீவர் எங்கே என்று பெரிய படம். நாற்காலியில் ஒட்டிய க்யூஆரை யார் ஸ்கேன் செய்தாலும், செயலி இல்லாமலே திறக்க வேண்டும். என் போனில் நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். அடுத்தது, நாற்காலி ஏறிவிட்டதா என்ற தகவல். பயணிகளின் பெட்டி விமானத்தில் ஏறுவதைப் பதிவு செய்ய, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானம் 2018 முதல் இருக்கிறது. என் கால்களுக்கு அந்த மரியாதை வேண்டாமா? ஆனால் விமான நிறுவனம் அந்தத் தகவலைத் தராமல் உங்களால் இதைச் செய்ய முடியாது, இப்போதே பேசிவையுங்கள்.

கையால் தள்ளும் நாற்காலிக்காரர்களுக்கு பேட்டரித் தொல்லை இல்லை, அவர்கள் வேறு சொல்வார்கள். அவர்களையும் கேளுங்கள். பொத்தான்கள் பெரிதாக, திரையின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். என் வலது கை ஜாய்ஸ்டிக்கில் இருக்கும், மிச்சம் இடது கட்டைவிரல்தான்.

ஹோட்டல் புக்கிங்கையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று. "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று போட்டிருந்த அறையில் குளியலறை வாசலில் அரை அடிப் படி. இரண்டு நாள் குளிக்கவில்லை. வாசலின் படம் இல்லாத அறையைக் காட்டவே காட்டாதீர்கள்.

சோதனைப் பதிப்பு வந்தால் சொல்லுங்கள். லீவர் படத்தை நானே எடுத்துத் தருகிறேன்.