முலூஜி என்ற பிரெஞ்சுப் பாடகர் எதனால் இன்றும் பேசப்படுகிறார்?

முக்கியமாக ஒரே ஒரு பாட்டால். ஆனால் மார்செல் முலூஜி அதற்கு முன்பே பெயர் வாங்கியவர். 1922-இல் பாரிஸில் பிறந்தார். அப்பா அல்ஜீரியாவிலிருந்து வந்த கொத்தனார். சிறுவயதிலேயே கவிஞர் ழாக் பிரெவேரின் இடதுசாரி நாடக வட்டத்துக்குள் வந்துவிட்டார். படங்களில் நடித்தார், நாவல் எழுதிப் பரிசும் வாங்கினார்.

போருக்குப் பிறகு காபரேக்களில் பாடினார். நம் பழைய படங்களில் வரும் காபரே நடனத்தை நினைக்க வேண்டாம். இவை சின்ன அரங்குகள். கவிதை கேட்கவே கூட்டம் வரும்.

1954-இல் எழுத்தாளர் போரிஸ் வியான் ஒரு பாட்டோடு வந்தார். போருக்கு வர மாட்டேன் என்று குடியரசுத் தலைவருக்கு ஒருவன் எழுதும் கடிதம் அது. என்னிடம் ஆயுதம் இருக்கிறது, சுடவும் தெரியும் என்று முடித்திருந்தார் வியான். போரே வேண்டாம் என்பவன் கையில் துப்பாக்கி எதற்கு? முலூஜி மாற்றச் சொன்னார். என்னிடம் ஆயுதம் இருக்காது, பிடிக்க வரும் போலீஸ்காரர்கள் தாராளமாகச் சுடலாம் என்று ஆனது. என்னைக் கேட்டால், இந்த முடிவுதான் அதிகம் உறுத்துகிறது.

அதை அவர் மேடையேற்றிய மே 7 அன்றுதான் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. விடுவார்களா? வானொலியில் பாட்டுக்குத் தடை. பின்னாளில் சொந்த இசைத்தட்டு நிறுவனமே தொடங்கினார், 1994-இல் காலமானார்.