30 அடி நீராவிப் படகில் பழைய பித்தளை எஞ்சின் டெலிகிராஃப் பொருத்தலாமா?

உங்கள் கேள்வி: சுக்கான் பிடிப்பவர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் ஒரு கேபின். சங்கிலியும் கம்பியும் வைத்த அந்தக் காலத்து டெலிகிராஃபை (சுக்கான் பிடிப்பவரின் 'ஸ்டாப்', 'ஸ்லோ' போன்ற உத்தரவை முள்ளாலும் மணியாலும் எஞ்சின் பக்கம் காட்டும் கருவி) உண்மையிலேயே வேலை செய்யும்படி பொருத்த முடியுமா, அதற்குத் தேவைதான் இருக்கிறதா?

முடியும். நான் 22 வருஷம் கப்பலில் எஞ்சினியராக ஓட்டியவன். இப்போது இங்கிலாந்தின் வடபகுதியில், வின்டர்மியர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். நண்பர் ஒருவரின் 9 மீட்டர் நீராவிப் படகில் இதே வேலையைப் போன வருஷம் இரண்டு பேருமாகச் செய்து முடித்தோம்.

தேவையா என்பதை முதலில் பார்த்துவிடலாம். திறந்த படகு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம் என்றால் தேவையில்லை. டீசல் மாதிரி இல்லை, நீராவி எஞ்சின் சத்தமே போடாது. வாயால் சொன்னாலே போதும். எங்கள் படகில் நடுக் கேபினில் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். போதாததற்கு அங்கே வின்டர்மியர் கெட்டில் வேறு. பாய்லர் நீராவியைச் சுருள் குழாயில் விட்டுத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் செம்புப் பாத்திரம் அது. சில நொடிகளில் கொதித்துவிடும், எல்லோரும் அதைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். "ஸ்டாப்" என்று முன்னாலிருந்து கத்தினால் பின்னால் யாருக்கும் கேட்காது. படகுத்துறை நெருங்கும் நேரத்தில் அது ஆபத்து.

டெலிகிராஃப் வாங்கும்போது அதன் தலையின், அதாவது உத்தரவுகள் எழுதிய முகப்பு இருக்கும் பெட்டியின், பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பல்சக்கரமும் சங்கிலி வெளியே போக வழியும் இருந்தால் அது உழைத்த பொருள். வெறும் தண்டும் மணியும் மட்டும் இருந்தால் வரவேற்பறைக்கென்று செய்தது. கப்பலில் நின்ற முழு உயரப் பீடம் சின்னப் படகுக்குக் கனம். தலையை மட்டும் குட்டையான தாங்கியில் ஏற்றிக்கொள்ளலாம்.

எந்தக் காரணத்துக்காகவும் பதில் முள்ளை விட்டுவிடாதீர்கள். மேலிருந்து, அதாவது சுக்கான் பக்கமிருந்து, கைப்பிடியைத் தள்ளினால் கீழே, எஞ்சின் பக்கம், ஒரு முள் நகர்ந்து மணி அடிக்கும். இது பாதி வேலைதான். கீழே இருப்பவர் தன் கைப்பிடியை அதே இடத்துக்குத் திருப்ப, மேலே இரண்டாவது முள் வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் உத்தரவு போய்ச் சேர்ந்தது என்று மேலே இருப்பவருக்குத் தெரியும். அதற்குத் தனியாக இன்னொரு சுற்று (போகிற கம்பி ஒன்று, வருகிற கம்பி ஒன்று) வேண்டும், ஆக மொத்தம் நான்கு கம்பிகள். செலவைக் குறைக்க ஒரு சுற்றோடு நிறுத்திவிடலாம் என்று நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சங்கிலி பல்சக்கரத்தின் மேல் ஏறி இறங்கும் இடத்துக்கு மட்டும் போதும், அரை மீட்டர். மீதித் தூரம் முழுக்கக் கம்பிதான். நாங்கள் போட்டது 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் முறுக்குக் கம்பி. திரும்பும் மூலைகளில் 60 மி.மீ. கப்பி, அதாவது கம்பியின் தடிமனைப் போல 20 மடங்கு. அதைவிடச் சின்னக் கப்பி வைத்தால் கம்பி இழை இழையாகப் பிரிந்துவிடும். எங்கள் பல்சக்கரத்துக்கு 15 பல், சங்கிலி சைக்கிள் சங்கிலி அளவு. பல்சக்கரம் ஒரு முறை சுழன்றால் ஏறக்குறைய 190 மி.மீ. ஸ்டாப்பிலிருந்து ஃபுல் அஹெட் (முழு வேகத்தில் முன்னோக்கி) வரை 150 டிகிரி திரும்பினால் கம்பி 8 செ.மீ. நகரும். இறுக்குவதற்கான டர்ன்பக்கிள் கப்பியில் போய் முட்டாதபடி இரண்டு பக்கமும் 10 செ.மீ. விடுங்கள். இறுக்கியபின் அது தானாகத் தளராதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள். சங்கிலிக்கு லேசாக எண்ணெய் போதும். கிரீஸ் தடவினால் நிலக்கரித் தூள் அப்பிக்கொள்ளும்.

15 பல்லில் ஒரு பல் தாவினால் முள் 24 டிகிரி தள்ளிப் போகும். ஒவ்வொரு உத்தரவின் கட்டத்துக்கும் 30 டிகிரி உள்ள முகப்பில் 'ஸ்லோ' என்று சொன்னது 'ஹாஃப்' என்று விழும். சங்கிலி தளராமல் இருப்பது அவ்வளவு முக்கியம்.

இதில்தான் நாங்கள் மாட்டினோம். ஒரு சனிக்கிழமை காலை, பாய்லர் குளிர்ந்திருந்த நேரத்தில், இரண்டு முகப்பையும் ஸ்டாப்பில் வைத்துக் கம்பியை இறுக்கி முடித்தோம். முள் கோடு பிசகாமல் நின்றது. மதியம் நீராவி ஏற்றிப் பார்த்தால் 'ஹாஃப்' கேட்ட முள் கட்டத்தின் நடுவுக்கு வராமல் 'ஸ்லோ'வின் கோட்டுப் பக்கமே நிற்கிறது! கம்பியை பாய்லர் உறையை ஒட்டிக் கொண்டுபோயிருந்தோம். 4 மீட்டர் கம்பி 40 டிகிரி சூடேறினால் இரண்டரை மி.மீ. நீளும். போகிற கம்பி, வருகிற கம்பி இரண்டுக்கும் சேர்த்து 5 மி.மீ. முள்ளில் அது 9 டிகிரிக்கு மேல். மரப் படகு அந்தச் சூட்டுக்குக் கூடவே நீளாது. கம்பியைத் தரைப்பலகைக்கு அடியில் மாற்றி, நீராவி ஏறி ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறுக்கினோம். அப்புறம் பிசகவே இல்லை.

இன்னொன்று. கைப்பிடியை முன்னால் தள்ளினால் கீழே முள் 'அஸ்டர்ன்' (பின்னோக்கி) பக்கம் ஓடலாம். மேல் முகப்பும் கீழ் முகப்பும் எதிரெதிர் திசை பார்த்தால் இப்படித்தான் ஆகும். சங்கிலியின் இரண்டு முனைகளையும் கம்பியில் இடம் மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும்; குறுக்கே போகும் இடத்தில் கம்பியும் கம்பியும் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கரையில் கட்டியிருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். படகை இரண்டு பக்கமும் கட்டி, எஞ்சின் வால்வை மூடி, எல்லா உத்தரவையும் மாற்றி மாற்றி ஒரு முழு மதியம் அடித்துப் பாருங்கள். கப்பலில் ஒவ்வொரு முறை புறப்படுவதற்கு முன்பும் இந்தச் சோதனையைச் செய்வோம். நீங்களும் அதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கீழே நிற்பவருக்கு ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: மணி கேட்டதும் முதலில் பதில் முள், அப்புறம் வால்வு. என் நண்பரின் மகளுக்கு இது கைவர இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது மணி அடித்து முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

நியூசிலாந்துப் பக்கம் போக வாய்த்தால் குவீன்ஸ்டவுனில் 1912ஆம் வருஷத்து எர்ன்ஸ்லா கப்பலில் ஏறிப் பாருங்கள். இன்றும் நீராவியில் ஓடுகிறது; எஞ்சின் அறைக்கு மேலே நடைபாதை இருக்கிறது. கரை நெருங்கும்போது அங்கே போய் நின்று, எஞ்சினியரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.