பிஸ்கெட் டப்பாவில் பாதி

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஆறேழு ஆண்டுகளாக வாசிக்கிறேன். இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

வருகிற தை மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். வங்கியில் இருந்தவர். 1968இல் கல்யாணம். அடுத்த வருஷத்திலிருந்தே மாற்றல் மேல் மாற்றல். அம்மா கும்பகோணத்தில் மாமியார் வீட்டில் இருந்தார். 1969 முதல் 1974 வரை அப்பா எழுதிய 112 கடிதங்களை அம்மா ஒரு பிஸ்கெட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். போன மாதம் வீடு மாற்றும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. படித்துவிட்டு நாங்கள் யாரும் அழாமல் இல்லை. இன்றுவரை அப்பா அம்மாவிடம் அதே பிரியத்தோடுதான் இருக்கிறார்.

இவற்றைப் புத்தகமாக அச்சிட்டு, விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நானும் அண்ணனும் நினைக்கிறோம். அப்பா சரி என்றுவிட்டார். அம்மாவிடம் சொன்னோம், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். கடிதங்களில் இருக்கும் எழுத்துப்பிழைகளைத் திருத்தலாமா? வாட்ஸப்பில் இதயப் படம் அனுப்பும் இந்தத் தலைமுறைக்கு இப்படி ஒரு காதல் சாத்தியமா? புத்தகத்துக்கு நீங்கள் ஒரு முன்னுரை தர முடியுமா?

வி.

*

அன்புள்ள வி.,

அப்பாவுக்கு என் வணக்கம். அம்மாவுக்கு இரண்டு.

பிழைகளைத் திருத்தாதீர்கள். வாட்ஸப் கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் அப்பா கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய மாமா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெண்டாட்டியிடம் எப்படி நடந்துகொள்வதென்றே தெரியவில்லை என்று சொல்லியிருப்பார். விட்டுவிடுங்கள். முன்னுரையைப் பற்றி அப்புறம்.

112 என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது. அம்மா எழுதியவை எத்தனை? அவை எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாவின் கடிதங்களைப் படித்தீர்கள் அல்லவா, அவற்றில் ‘உன் கடிதம் கிடைத்தது’ என்ற வரி எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். வந்த இடத்திலெல்லாம் ஒரு கடிதம் காணாமல் போயிருக்கிறது. அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை, அழ மட்டும் தோன்றியிருக்கிறது.

‘சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்’ என்கிறீர்கள். நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்கள் மாட்டேன் என்று எப்போது வாய்விட்டுச் சொன்னார்கள்? அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்பார்கள். அல்லது சிரிப்பார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அச்சகத்தில் விலை விசாரிக்கப் போய்விடுவது பிள்ளைகளின் வசதி. கடிதத்தின் வாசகத்துக்குச் சட்டப்படி எழுதியவர்தான் உரிமையாளர், தாள் மட்டும்தான் பெற்றவருடையது. அந்தக் கணக்கில் அப்பா சொன்ன சரி செல்லும். ஆனால் ஐம்பது வருஷம் அந்தத் தாளைக் கரப்பானிடமிருந்தும் மழையிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் காப்பாற்றியது யார்?

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பாரதி காசியில் இருந்தபோது செல்லம்மாவுக்கு எழுதிய கடிதத்தை எல்லோருக்கும் தெரியும். ‘எனதருமைக் காதலி’ என்று ஆரம்பிப்பார். மனைவியைக் காதலி என்று எழுதினாரே என்று நாம் நூறு வருஷமாகப் புல்லரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அது ஒரு பதில் கடிதம். காசியில் இவர் என்னவோ செய்கிறார் என்று யாரோ எழுதிப்போட, பயந்துபோய் அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். ஏழு வயதில் கல்யாணம் ஆனவள், அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். கவலை வரும்போது தமிழ் படி, சந்தோஷப்படுவேன் என்று இவர் பதில் போடுகிறார். அவள் என்ன எழுதினாள், அவளே எழுதினாளா, யாரிடமாவது சொல்லி எழுதவைத்தாளா? அந்தத் தாள் நம்மிடம் வந்து சேரவில்லை. புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை புத்தகமாக வந்திருக்கின்றன. அவர் 1948இல் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடிதங்களில் பாதிக்குப் பாதி பணக் கஷ்டமும் ‘கடிதம் போடு’ என்ற கெஞ்சலும்தான். அவ்வளவு கெஞ்சி வாங்கிய கமலாவின் கடிதங்களை நானும் நீங்களும் எங்கே படித்தோம்?

விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸும் அபிகெயிலும் 1764இல் கல்யாணம் செய்துகொண்டவர்கள், 1818இல் அபிகெயில் சாகும்வரை 54 வருஷம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதியதில் 1,100க்கு மேல் இன்று கிடைக்கின்றன. கணவர் பிலடெல்பியாவில் சுதந்திரம் பேசிக்கொண்டிருக்க, மனைவி ஊரில் பண்ணையையும் நாலு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, யுத்தத்தால் குண்டூசிகூடக் கிடைக்கவில்லை, ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று எழுதுகிறார். என் கடிதங்களை எரித்துவிடுங்கள் என்றும் ஒருமுறை சொல்கிறார். அதற்கு முதலில் உன்னை நான் மறக்கவேண்டுமே என்று ஜான் 1776இல் பதில் எழுதினார். எரிக்கவில்லை. அதனால்தான் குண்டூசி நம்மிடம் வந்து சேர்ந்தது. அதே நாட்டுக்காரர்களில் இன்னொரு ஜோடி, வாஷிங்டன் தம்பதி. நாற்பது வருஷத் தாம்பத்தியம். கணவர் போன பிறகு மார்த்தா ஏறக்குறைய எல்லாவற்றையும் நெருப்பில் போட்டுவிட்டார். தப்பியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஊருக்கெல்லாம் சொந்தமாகிவிட்ட மனிதரில் இது மட்டுமாவது எனக்கு என்று அந்த அம்மாள் நினைத்திருக்கலாம். உங்கள் அம்மாவும் டப்பாவைத் தூக்கி அடுப்பில் போட்டால் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் கடிதம் வந்த வாரம், கரையான் ஏறிவிட்டதென்று என் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்திருந்தேன்.

எங்களுக்கு அறந்தாங்கிப் பக்கம். அப்பா 1966இல் பம்பாய் போனார். மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமையல். முப்பது வருஷம். வருஷத்துக்கு ஒரு மாதம் ஊரில் இருப்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் கடிதம் தாத்தா பெயருக்கு வரும். ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்று தொடங்கி, மாடு, வரப்புத் தகராறு, மச்சினன் கல்யாணம் எல்லாம் முடிந்து, கடைசி வரியில் ‘வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லவும்’ என்று இருக்கும். அந்த ‘வீட்டில் உள்ளவர்கள்’தான் அம்மா. உயிரே, கண்ணே எதுவும் கிடையாது. இருந்திருந்தால் தாத்தாவுக்கு நான்தானே அதை உரக்கப் படித்துக் காட்டியிருக்கவேண்டும்!

மூன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு எழுத்தர் நான்தான். தாத்தா சொல்வதை எழுதி முடித்ததும் இன்லண்ட் லெட்டரின் கடைசி மடிப்பு அம்மாவுக்கு. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வார். அப்பா பெயரைச் சொல்லமாட்டார். ‘எழுது தம்பி, செவலை கன்னு போட்டிருக்கு, கிடேரி.’ எழுதுவேன். ‘உனக்குச் சட்டை கிழிஞ்சிருச்சுன்னு எழுது.’ எழுதுவேன். ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒருநாள், ‘ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குதுன்னு எழுது’ என்றார். எழுதிவிட்டேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. அப்புறம், ‘வேண்டாம், அதை அழிச்சிரு’ என்றார்.

மை. எப்படி அழிப்பது? அடித்தால் தாத்தா கன்னத்தில் கொடுப்பார். வேறு இன்லண்டும் கிடையாது. நன்றாக யோசித்து, பக்கத்திலேயே ‘கொசு மிகவும் அதிகமாக உள்ளது’ என்று சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் பம்பாயிலிருந்து பார்சல் வந்தது. வெள்ளைக் கொசுவலை, ஓரத்தில் நீலத் துணி வைத்துத் தைத்தது. எங்கள் தெருவில் அதுவரை யாரும் கொசுவலை பார்த்ததில்லை. பெண்கள் வந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒருமுறைகூட அதைக் கட்டிப் படுக்கவில்லை. கூழ்வடகம் காயப்போடும்போது காக்காய்க்குப் பயந்து மேலே விரிப்பார். அடுத்த வருஷம் லீவில் வந்த அப்பா முற்றத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். ரொம்ப வருஷம் கழித்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ‘கொசுவும் இருக்கத்தானே செஞ்சுது’ என்றார்.

என் கையெழுத்தில் போன அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட அப்பா வைத்திருக்கவில்லை. 2009இல் அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது முதலில் தேடியது அவற்றைத்தான். இரண்டு வேட்டி, ஒரு சவரக்கத்தி, மெஸ் முதலாளியின் படம். அம்மாவின் ஒரு வரியைக்கூட வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே இந்த மனிதருக்கு என்று ஆத்திரம் வந்தது. வேட்டிக்கு அடியில், மெஸ்ஸில் பார்சல் கட்டும் நூலால் கட்டிய சின்னச் சின்னக் கட்டுகள் இருந்தன.

உங்களுக்கு மணியார்டர் பாரம் ஞாபகம் இருக்குமா? 2015இல் தபால்துறை அதை நிறுத்திவிட்டது. பணம் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி, அந்த ஒப்புகைத் துண்டை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து. எங்களுக்குச் சாட்சி டீக்கடைக்காரர். தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அம்மா இடது கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு வைப்பார். அந்தத் துண்டு பம்பாய்க்குப் போகும்.

அவைதான். வருஷத்துக்கு ஒரு கட்டு. எல்லாவற்றிலும் அம்மாவின் ரேகை. சிலது மை அப்பி, சிலது பாதி விழுந்து, ஒன்றில் ஓரமாக மஞ்சள் கறை. 1991க்குப் பிறகு ரேகை நின்றுவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்த வருஷம் அது. ஊர்ப் பெண்கள் சைக்கிள்கூடக் கற்றுக்கொண்டார்கள். அம்மா சைக்கிளில் ஏறமாட்டேன் என்றுவிட்டார், எழுத்து மட்டும் போதும் என்றார். முதல் கையெழுத்துப் போட்ட துண்டு திரும்பிப் போனதும், திருச்சியில் வேலையில் இருந்த எனக்கு அப்பாவிடமிருந்து அவசரமாக ஒரு கார்டு வந்தது. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, பணத்தை யார் வாங்குகிறார்கள், உடனே போய்ப் பார்க்கவும். இதைக் கேட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. கையெழுத்துப் போடுவதை மட்டும் விடவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் போய், அம்மா எழுதியவை எங்கே என்று கேளுங்கள். விழா மேடையில் வேண்டாம், தனியாக. தெரியாது என்பார். மாற்றலில் தொலைந்துபோயிற்று என்பார். இருக்கலாம், பழைய பாஸ்புத்தகங்களுக்கு நடுவிலும் கொஞ்சம் பாருங்கள். அப்புறம் டப்பாவை அம்மாவிடமே கொடுத்துவிட்டு, எதை அச்சிடலாம் என்று அவர் எடுத்துக் கொடுக்கட்டும். பத்துக் கடிதம் கொடுத்தால் பத்து. ஒன்றுமே கொடுக்காவிட்டால் வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டப்பா கொடுங்கள், எல்லோரும் சந்தோஷமாக வாங்கிப்போவார்கள். முன்னுரை தருகிறேன், அம்மா கேட்டால்.

அப்பாவின் காரியம் முடிந்த அன்று அந்தக் கட்டுகளை அம்மா மடியில் வாங்கிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தோம். ‘பணம் வந்து சேந்துச்சான்னு பாக்க வச்சிருந்திருப்பாரு’ என்றார். ஒரு கட்டை மட்டும் அவிழ்த்து, தபால் முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒவ்வொரு துண்டாகத் தரையில் வரிசையாக வைத்தார். மறுபடி எண்ணினார்.

‘இது ஒன் தங்கச்சி பொறந்த வருசம். ஆடிக்கும் ஆவணிக்கும் பணம் வரல’ என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘அதை எழுதச் சொன்னேனே, எழுதுனியா?’

எழுதினேன் என்றேன்.